வால் விட்ட தையல்

நவம்பர் 28

காலையில் வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று. மதியம் வெள்ளை மட்டும். ராத்திரி இரண்டும்.

"நேரத்த எழுதி வைங்க பெரியவரே. குடுத்தமா குடுக்கலையான்னு சந்தேகத்துல ரெண்டு வாட்டி குடுத்துராதிங்க" என்று மாவுக்கட்டுப் போட்ட நர்ஸம்மா சொன்னதால் இந்த டைரியை எடுத்தேன். உரக்கடையில் சும்மா கொடுத்தது, நாலு வருஷத்துப் பழசு. தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் தப்பு. கிழமை எனக்குத் தெரியும்.

என் பெயர் அருமைநாயகம். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எழுத்தை நான் மூட்டையில் படித்தேன். ஊருக்குக் கிழக்கே இருக்கும் மல்லிக் கிட்டங்கியில், அதாவது கொத்தமல்லி மூட்டை அடுக்குகிற குடோனில், நாற்பது வருஷமாக மூட்டை வாய் தைக்கிறேன். எந்த மூட்டை எந்த ஊருக்குப் போகிறது என்று மேலே மையால் எழுதியிருப்பார்கள். மல்லியிலும் ஒரு 'ம' இருக்கிறது, மதுரையிலும் ஒரு 'ம' இருக்கிறது. இப்படியே ஒவ்வொன்றாகப் பிடித்தேன். மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு ஞானப்பூ வேதாகமத்தை மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அதனால் எனக்கு ஊர்ப் பெயரும் வேதத்தில் வரும் பெயரும் பிழையில்லாமல் வரும். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருக்கும்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். நேற்று ஞானப்பூ துவைகல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு இருக்க வேண்டும். அவள் அழவில்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஊசி பிடிக்கலாமா சார்?"

"ஊசி போடுறது எங்க வேலம்மா."

"தையல் ஊசியச் சொல்லுதேன். கிறிஸ்மஸுக்குள்ள ஒரு போர்வ முடிக்கணும்."

"அடுத்த கிறிஸ்மஸுக்குத் தைங்க" என்றார். அப்போதுதான் அவள் கண் கலங்கிற்று.

நவம்பர் 29

மாத்திரை கொடுத்தாயிற்று.

இந்த ஊரில் போர்வை எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. சுற்றிலும் தேரி என்கிற செம்மணல் மேடு. மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராது. ஆனால் எங்கள் பிள்ளைகள் மூன்றும் குளிர் ஊராகப் பார்த்துப் போய் உட்கார்ந்திருக்கின்றன. மூத்தவள் எப்சிபா மாப்பிள்ளையோடு ஓசூரில். கடைக்குட்டி பியூலா டெல்லியில் நர்ஸ். நடுவுள்ளவன் வால்பாறையில், தேயிலைத் தொழிற்சாலையில். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஒட்டுப்போர்வை கொடுப்பதென்று ஞானப்பூ போன தைமாதமே முடிவு செய்துவிட்டாள்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரே பீஸில்தான் துணி எடுப்போம். பெண் பிள்ளைகளுக்குக் கவுன், பையனுக்குச் சட்டை, எல்லாம் ஒரே துணி. ஒரு வருஷம் கிளிப்பச்சை எடுத்தேன். மூன்றும் வரிசையாகக் கோயிலுக்குள் போனபோது உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இன்னொரு வருஷம் எடுத்தது முதல் தண்ணீரிலேயே சுருங்கிப் பையனுக்குத் தொப்புள் தெரிந்தது. தையல்காரர் மிச்சம் கொடுக்கும் வெட்டுத்துணியை நான் மூக்குச்சிந்தத் துண்டு என்று நினைத்திருந்தேன். அவள் இருபது வருஷமும் அதை ஓலைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். எந்தத் துண்டு எந்த வருஷத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லுவாள். நான் மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். மூன்று முறையும் சரி.

அந்தத் துண்டுகளை வருஷத்துக்கு ஒரு வரிசையாக இணைத்து மேல்துணி. கீழே அவளுடைய கல்யாணச் சேலையை மூன்றாகக் கிழித்து ஆளுக்கு ஒன்று. அவள் தையல் ஒவ்வொன்றும் ஒரு அரிசி நீளம், கூடாது குறையாது. இரண்டு போர்வை முடிந்துவிட்டது. மூன்றாவதில் மூன்று பக்கம் மூட்டியாயிற்று. நடுத்துணி வைத்து, வாயை மூடி, குறுக்கே ஒன்பது வரி ஓட்ட வேண்டியது பாக்கி.

பாக்கி நிற்பது நடுவுள்ளவனுடையது.

நவம்பர் 30

கோயிலில் எல்லாரும் கையைப் பார்த்தார்கள். மேலத்தெரு ரத்னபாய் கூடவே வீடு வரை வந்தாள்.

"டெய்லர்ட்ட குடுத்தா மிஷின்ல அரமணி நேரத்துல அடிச்சுத் தந்துருவான். இதுக்குப் போயி வருத்தப்படுதிய?"

"ஒம் மவளுக்கு நீ பால் குடுத்தியா, பால்காரன் குடுத்தானா?" என்று கேட்டாள் ஞானப்பூ.

ரத்னபாய் தட்டில் இருந்த முறுக்கைத் தின்ன ஆரம்பித்தாள். பத்து முறுக்கு.

டிசம்பர் 2

இன்றைக்குக் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏங்க, நாப்பது வருசமா ஊசிதான பிடிக்கிய?"

"அது கோணி ஊசிட்டி. ஒரு சாண் நீளம். அதால தைச்சா போர்வை மூட்ட மாதிரில்லா இருக்கும்?"

"சின்ன ஊசி தாரேன். ரெண்டு கை ஒங்களுக்கு இருக்கு. வாய் எனக்கு இருக்கு. போதாதா?"

உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோப்பதற்குள் காபி ஆறிவிட்டது. என் விரல் பெரிய விரல். ஊசி எங்கே போயிற்று என்று இரண்டு தடவை தேடினேன். இரண்டு தடவையும் விரலுக்கு இடையிலேயே இருந்தது. பழைய துணி ஒன்றில் ஒரு சாண் தைத்துக் காட்டினேன். அவள் இடது கையால் தடவினாள்.

"இது என்ன, எறும்புக்குக் கிறுக்குப் பிடிச்சு ஓடுன மாதிரி இருக்கு? பிரிங்க."

பிரித்தேன்.

டிசம்பர் 3

பிரித்தேன்.

டிசம்பர் 5

மறுபடியும் பிரித்தேன். துணிதான் பாவம்.

மதியம் போன் அடித்தது. அவள் கொடியில் துணியை ஒரு கையால் எடுத்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். "அம்மாட்ட குடுங்க" என்றான். கொடுத்தேன். ஆறு வருஷமாக எனக்கும் அவனுக்கும் பேச்சு இதுதான். அவன் பெயர் செல்வின். கோபக்காரப் பயல்.

கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டிருக்கிறானாம். கிடைத்தால் வருவானாம். ஆறு வருஷமாக இதையேதான் சொல்கிறான். "இந்தத் தடவ வருவான். எப்சிபா, பியூலா ரெண்டு பேரும் வாராவல்லா" என்றாள். வந்தால் வரட்டும். எனக்கு அதில் ஒன்றுமில்லை. அவள் ஆசைப்படுகிறாள், அதற்காகத்தான் நான் தைக்கிறேன்.

டிசம்பர் 8

இன்று ஒரு முடிவுக்கு வந்தோம். அரிசித் தையல் எனக்கு வராது. "எனக்குத் தெரிஞ்ச தையலப் போடுதேன். ஒத்துக்கிட்டா தைக்கேன், இல்லன்னா டெய்லர்ட்ட குடு" என்று சொன்னேன். கூரை மோட்டைப் பார்த்தாள். "சரி, கிட்டங்கித் தையலே போடுங்க. ஆனா பொடிசாப் போடணும்" என்றாள். சின்னக் கோணி ஊசி ஒன்றை அம்மிக்கல்லில் ஒரு மணி நேரம் தேய்த்து மெலிய வைத்தேன்.

கிட்டங்கித் தையல் என்றால் சங்கிலி போலப் போகும். ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம். அதில் விசேஷம் தைப்பதில் இல்லை, பிரிப்பதில்தான். கடைசி வளையத்தில் முடிச்சுப் போடாமல் நாலு விரல் நூலை வாலாக விட்டுவிடுவோம். மூட்டையை வாங்குகிறவன் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் சர்ரென்று வாய் முழுவதும் திறந்துவிடும். கத்தி வைக்க வேண்டாம், சாக்கு கிழியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தைக்கிற ஆட்களுக்குத் தலைவராக இருந்த மூப்பர் சொல்லிக் கொடுத்த முதல் காரியம் அது. வால் விடாமல் முடிச்சுப் போட்டு அனுப்பிய ஒருவனை மதுரை வியாபாரி லாரியேறி வந்து திட்டிவிட்டுப் போனதுண்டு. திட்டியவர் எங்கள் கிட்டங்கியிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், மீன் குழம்பு. அது வேறு கதை.

டிசம்பர் 10

நடுவில் வைப்பதற்கு அவள் பழைய சேலை இரண்டு எடுத்து வைத்திருந்தாள்.

"அது வேண்டாம். எங்கிட்ட இருக்கு."

"ஒங்ககிட்டயா? என்ன துணி?"

"துணிதான். நான் பாத்துக்கிடுதேன்."

கிட்டங்கிக்குப் போய் என் மரப்பெட்டியில் இருந்த பொதியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் உள்ளே விரித்து வாயை மூடித் தைத்துவிட்டேன். என்ன வைத்தேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. இது மாத்திரைக்கான டைரி.

டிசம்பர் 13

மூன்று வரி முடிந்தது. கை பழகிவிட்டது. அவள் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வருஷத் துண்டும் என் ஊசிக்கு வரும்போது அதன் கதையைச் சொல்கிறாள். இந்த ஊதாவுக்குத்தான் செல்வினுக்கு அம்மை போட்டது. இந்தக் கட்டம் போட்டதை உடுத்திக்கொண்டுதான் பனையில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதான். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் மூட்டை தைத்துக்கொண்டிருந்திருப்பேன். அவள் எப்படி இத்தனையையும் வைத்திருந்தாளோ! ஒரு கையால் சோறு வடிக்கிறாள், கோழிக்குத் தீனி போடுகிறாள், வாயால் போர்வை தைக்கிறாள். எனக்கு இரண்டு கையும் இருந்து இதில் பாதி வராது.

கடைசி வரிசை காப்பிப்பொடி நிறம். அது அவன் வீட்டை விட்டுப் போவதற்கு முந்தைய கிறிஸ்மஸ். அதற்குப் பிறகு ஒரே பீஸ் எடுக்கிற வழக்கம் நின்றுபோயிற்று.

அவன் ஏன் போனான் என்று ஊரில் பலவிதமாகச் சொல்வார்கள். என்னோடுதான் கிட்டங்கியில் வேலை பார்த்தான். என்னைவிட வேகம். அந்த ஜனவரியில் மல்லி மூட்டை இரண்டு குறைந்தது. அவன் தைத்த மூட்டைகள். முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். அவன் "நான் எடுக்கல" என்றான். முதலாளி என்னைப் பார்த்தார். வேலை போயிற்று. அவனும் போனான்.

இவ்வளவுதான் விஷயம்.

டிசம்பர் 14

மதிய மாத்திரையை மறந்துவிட்டேன். அவள்தான் ஞாபகப்படுத்தினாள். அப்படியானால் இந்த டைரி யாருக்கு?

டிசம்பர் 17

வெயில் தாழ்ந்ததும் வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனிக்காரர்கள் வந்தார்கள். டிரம் அடிக்கிறவன் எங்கள் கோழிக்கூட்டில் கால் வைத்து டிரம்மோடு விழுந்தான். பாட்டு நிற்கவில்லை, கோழிதான் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்களில் நாலு பேர் உள்ளே வந்து, நான் போர்வை தைப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பெரியப்பா, எத்தன கிலோ மல்லி பிடிக்கும் இது?"

"ஒன்ன உள்ள போட்டுத் தைச்சா தெரியும்" என்றாள் ஞானப்பூ.

மற்றொன்று. நாலு நாளைக்கு முன்னால் எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மூட்டை இரண்டும் திருட்டுப் போகவில்லை. விருதுநகர் லாரியில் தப்பி ஏறிவிட்டது. ஒரு வாரத்தில் அங்கிருந்து போன் வந்தது. முதலாளி என்னிடம்தான் சொன்னார். அப்போது செல்வின் வால்பாறை பஸ் ஏறி நாலு நாளாகியிருந்தது.

டிசம்பர் 20

முடிந்தது! வாய் ஒன்று, வரி ஒன்பது. மாலை நாலு மணி.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து தரையில் விரித்தாள். இடது கையால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனாள். முதலாளி எடை பார்க்கும்போது நிற்கிற மாதிரி நின்றேன். ஓரத்துக்கு வந்ததும் ஒவ்வொரு வரியின் நுனியிலும் விரல் நின்றது. உதடு அசைந்தது, எண்ணுகிற மாதிரி. பிறகு மடித்தாள். மடித்ததைக் காதுப் பக்கம் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். எதற்கென்று தெரியவில்லை.

"நல்லா இருக்கு. இனிமே இதுல கைய வைக்காதிங்க" என்றாள்.

நாற்பது வருஷத்தில் என் தையலை முதலாளி ஒருநாளும் நல்லாயிருக்கிறது என்று சொன்னதில்லை. ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 23

பியூலா வந்துவிட்டாள். வந்த உடனே கட்டைத் தட்டிப் பார்த்து, "யாரு இந்தக் கட்டப் போட்டது? மதிலுக்கா பூசியிருக்காவ?" என்றாள். டைரியைப் பார்த்துவிடுவாள் என்று அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 24

எப்சிபாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நட்சத்திரம் கட்டியாயிற்று. முந்திரிக்கொத்து இருநூறு சுட்டாயிற்று. சாயங்காலக் கடைசி பஸ் வரைக்கும் ரோட்டில் நின்றேன். தயிர் வாங்கத்தான் போனேன். தயிர் கிடைக்கவில்லை.

டிசம்பர் 25

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். மாத்திரையைப் பியூலா கொடுத்துவிட்டாள்.

கோயில் முடிந்து வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். வாசலில் நிழல் விழுந்தது. செல்வின். ஆள் தடித்திருக்கிறான். கையில் ஒரு மஞ்சப்பை மட்டும்.

"எய்யா..." என்று ஞானப்பூ எழுந்தாள். அவள் கட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறிப்போயிற்று.

"கை ஒடஞ்சத ஏம்மா போன்ல சொல்லல?"

"சொன்னா நீ கைக்குல்லா வந்திருப்ப. கிறிஸ்மஸுக்கு வரட்டும்னு பாத்தேன்."

என்னைப் பார்த்தான். "நல்லாருக்கியளா" என்றான். "ம்" என்றேன். மஞ்சப்பையை ஆணியில்கூட மாட்டவில்லை. "சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவேம்மா. ஒருநா லீவுதான்" என்று தொடைமேலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

சாப்பாடு முடிந்து ஞானப்பூ மூன்று போர்வைகளையும் கொண்டுவந்தாள். எப்சிபா கிளிப்பச்சைத் துண்டைப் பார்த்துவிட்டு, "எம்மா, இதப் போட்டுக்கிட்டுத்தான எங்கள கிளி கிளின்னு கூப்பிட்டாவ!" என்று சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். பியூலா போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க வெளியே வரமாட்டேன் என்றாள். எல்லாம் ஞானப்பூவின் அரிசித் தையல். மாப்பிள்ளை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தையலை எண்ண ஆரம்பித்து, முந்நூறில் விட்டுவிட்டார்.

செல்வின் தன்னுடையதை விரித்தான். தையலைப் பார்த்தான். தலையைத் தூக்கவில்லை.

"இது கிட்டங்கித் தையல்லா."

"அப்பாதான் தைச்சாவ" என்றாள் ஞானப்பூ. "எனக்குக் கை இல்லல்லா."

அவன் விரல் ஓரத்துக்குப் போயிற்று. "எப்பா, வாலு விட்டிருக்கியளே" என்றான். அவன் என்னை அப்பா என்று கூப்பிட்டதை நான் கவனிப்பதற்குள், அவன் கை அதன்பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. இடது கட்டைவிரலைத் துணியில் ஊன்றி, வலது கையால் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. கிட்டங்கியில் ஒரு வருஷம் இருந்தவன்கூட வாலைக் கண்டால் இழுப்பான். இவன் அஞ்சு வருஷம் இருந்தவன். சர்ர்ர் என்று போர்வையின் வாய் முழுவதும் திறந்துகொண்டது.

"அண்ணே! என்ன காரியம் பண்ணுத!" என்று பியூலா கத்தினாள்.

பதினெட்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். ஒரு இடத்திலாவது முடிச்சுப் போட வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

அவன் திறந்த வாய்க்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே நீலத் துணி தெரிந்தது. மூலையில் ஜவுளிக்கடைச் சீட்டு. நான் மோட்டில் தொங்கிய நட்சத்திரத்தைப் பார்த்தேன். அவன் அடுத்த வாலைப் பிடித்தான். இந்த முறை தெரிந்தே இழுத்தான். அப்புறம் அடுத்தது. ஒன்பது வரியும் பிரிந்தது.

சட்டைத் துணி. வெட்டாமல், தைக்காமல், இரண்டேகால் மீட்டர் வீதம் ஆறு.

"யாருக்கு எடுத்தது இது?" என்றான்.

"நடுவுல வைக்க, ஏதோ கெடந்துச்சுன்னு..."

"கெடந்துச்சா? சீட்டுக்கூடப் பிரிக்காமக் கெடந்துச்சா?"

எப்சிபா எண்ணினாள். "ஆறு இருக்குல."

"ஆறு கிறிஸ்மஸ்" என்றாள் ஞானப்பூ.

"ஏட்டி, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மடிக்கையிலேயே மொடமொடங்குச்சு. பழந்துணி மொடமொடங்குமா? எனக்குக் கைதான் ஒடஞ்சிருக்கு. காது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்த வாலு?"

"பத்து வாலு. எண்ணிட்டுத்தான் விட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். முப்பத்திநாலு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் பார்த்து முடியவில்லை.

செல்வின் எழுந்து கொல்லைக்குப் போனான். தண்ணீர் தொட்டியில் வெகுநேரம் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மஞ்சப்பையை எடுத்து ஆணியில் மாட்டினான்.

"இத இப்படியே கொண்டு போக முடியாதுல்லா" என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். "தைச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும்."

டிசம்பர் 26

வேலைக்குப் போன் போட்டு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டான். அங்கே யாரோ கத்தினார்கள். "எங்கம்மாவுக்குக் கை ஒடஞ்சிருக்கு சார்" என்றான். அந்தக் கை இப்போது எல்லாருக்கும் உதவுகிறது.

அவன் ஒரு ஓரத்திலிருந்து, நான் ஒரு ஓரத்திலிருந்து. ஞானப்பூ நடுவில் உட்கார்ந்து, "ஏல செல்வினு, அங்க நெளியுது பாரு. ஏங்க, நீங்களுந்தான்" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

இதையும் எழுதிவிடுகிறேன். மாத்திரைப் பக்கத்தில் இதற்கும் இடம் இருக்கிறது.

"அன்னைக்கு மொதலாளி முன்னால நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றேன்.

அவன் ஊசியை நிறுத்தவில்லை. "ஆமா" என்றான்.

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்."

"அதான் எனக்கு வலிச்சுது. தெரியாம இருந்தா பரவால்ல."

"எம் பக்கம் திரும்பி, 'ஒம் மவன் எடுத்திருப்பானா'ன்னு கேட்டாவ. நான் தலையக் குனிஞ்சுட்டேன்."

"பாத்தேன்."

"பயந்துட்டேம்ல. என்னையும் வெளிய அனுப்பிட்டா பியூலா படிப்பு நின்னுருமேன்னு."

இப்போதுதான் ஊசி நின்றது. "அத அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருந்தா, 'நீங்க பேசாதிங்கப்பா'ன்னு நானே சொல்லிருப்பேன்."

எனக்கு நூல் தெரியவில்லை. அவனே என் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தான்.

"மூட்ட விருதுநகர்ல கெடச்சுதுன்னு ஒரு வாரத்துல தெரியும் எனக்கு" என்றேன். இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "வந்து சொல்லணும்னு ஒவ்வொரு டிசம்பரும் துணி எடுப்பேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன்."

"அப்புறம்?"

"திரும்பிருவேன்."

அவன் இரண்டு வளையம் போட்டான். பிறகு, "அந்த ஊதாக் கோடு போட்டத மட்டும் எதுக்குப்பா எடுத்திய? மனுசன் போடுவானா அத?" என்றான்.

"ஜவுளிக்கடக்காரன் நல்லாருக்கும்னான்."

"அவன் போடுவானா?"

சிரித்தோம். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அவளும் சிரித்திருப்பாள்.

டிசம்பர் 28

ஆறு துணியில் நீலத்தை மட்டும் தைக்கத் தொடங்கும் முன்பே வெளியே எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்திருந்தான். மற்ற ஐந்தும் மறுபடி உள்ளே. நீலம் இருந்த இடத்துக்கு ஞானப்பூவின் பழைய சேலை. ஒன்பதாவது வரியின் நுனிக்கு வந்ததும் என் கை பழக்கத்தில் வால் விடப் போயிற்று.

"முடிச்சுப் போடுங்க" என்றாள். "இனிமே இதத் தொறந்து பாக்க ஒண்ணுமில்ல."

பத்து இடத்திலும் முடிச்சு. எனக்கு முடிச்சு வராது, நாற்பது வருஷத்தில் போட்டதில்லை. செல்வின் போட்டான்.

ஜனவரி 1

புதுவருஷ ஆராதனைக்கு நீலச் சட்டையோடு வந்தான். கோணி ஊசி போன ஓட்டை முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வரிசையாகத் தெரிந்தது. பின்பெஞ்சில் இருந்த ரத்னபாய் ஆராதனை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுச் சட்டையில என்னப்பா ஓட்டை?" என்று வாசலில் கேட்டாள்.

"காத்தோட்டத்துக்கு" என்றான். அவன் அம்மா வாய்தான் அவனுக்கு.

ஜனவரி 2

பெண்கள் இருவரும் நேற்றே போய்விட்டார்கள். இன்று காலை செல்வினைப் பஸ் ஏற்ற நானும் போனேன். தயிர் வாங்குவதற்கு என்று சொல்லவில்லை.

போர்வை மஞ்சப்பையில் கொள்ளாமல் பாதி வெளியே நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். பங்குனியில் நானும் அம்மாவும் வால்பாறைக்கு வர வேண்டும் என்றான். குளிருமே என்றேன். "போர்வதான் இருக்கே" என்றான்.

பஸ் புறப்படும்போது அவன் விரல் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போயிற்று, வாலைத் தேடுகிற மாதிரி. முடிச்சில் வந்து நின்றது. அங்கேயே இருந்தது, பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும்.

ஜனவரி 3

காலையில் வெள்ளை ஒன்று. மஞ்சள் தீர்ந்துவிட்டது, போதும் என்று பியூலா சொல்லியிருக்கிறாள்.